தாய்நடை

மூன்றாவது முறையும் கதவு அவளை ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்கள் சுடர்க்கொடி அல்ல. தயவுசெய்து தளத்தை விட்டு விலகி நிற்கவும்" என்று கதவின் மேலிருந்த பலகையில் பச்சை எழுத்து ஓடியது. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

கண்ணாடிக்கு அப்பால், இருபதடி தூரத்தில், அவளுடைய மகள் வெப்பப்பெட்டிக்குள் கிடந்தாள். பிறந்து இரண்டு நாள். ஏழு வாரம் முந்திக்கொண்டு வந்தவள். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கீழே. தாயின் வெற்று மார்பின் மேல் தினமும் சில மணி நேரம் கிடத்தினால்தான் உடம்பில் சூடு நிற்கும், எடை ஏறும் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்வதற்கென்ன, யாரும் சொல்லலாம். தாய் எப்படி உள்ளே போவது என்பது அவருடைய துறை இல்லையே.

கணவன் செல்வகணபதி போனால் கதவு வாயெல்லாம் பல்லாகத் திறந்தது. சுடர்க்கொடி பீய்ச்சிக் கொடுத்த பாலைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு ஆறு எட்டு எடுத்து வைப்பான், உள்ளே போய்விடுவான். பெற்றவள் வெளியே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடைச்சாவி வந்து எட்டு வருடமாகிறது. விரல்ரேகை உழைப்பில் தேய்ந்துபோகிறது, முகத்தைப் போலி செய்கிறார்கள், குரலைத் திருடுகிறார்கள், இடுப்பை யாரால் திருட முடியும் என்று கேட்டது நடைப்பதிவு ஆணையம். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நடக்கும்போது உடம்பின் எடை முழுவதும் இடுப்புக்கூட்டின் வழியாகத்தான் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகிறது. தொடையெலும்பின் உருண்டைத் தலை கிண்ணக்குழிக்குள் எந்தக் கோணத்தில் திரும்புகிறது, ஒற்றைக் காலில் நிற்கும் அந்த அரை நொடியில் மறுபக்க இடுப்பு எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. தரையில் பதித்த உணர்தளம் ஆறே எட்டில் ஆள் யாரென்று சொல்லிவிடும். வீட்டு வாசல், அலுவலகம், ரேஷன் கடை, பேருந்துப் படி எல்லாவற்றிலும் உணர்தளம்தான். புதுக்கரை நகரத்தில் யாரும் சாவி வைத்துக்கொள்வதில்லை, அட்டை வைத்துக்கொள்வதில்லை. நடந்தால் போதும்.

நடை நாளுக்கு நாள் கொஞ்சமாக மாறினால் தளம் பழகிக்கொள்ளும். உடம்பு பெருத்தாலும், வயிற்றில் பிள்ளை வளர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒரே நாளில் மாறினால் மட்டும் அது வேற்றாள். பிரசவத்தில் சுடர்க்கொடியின் இடுப்பு ஒரே நாளில்தான் மாறியிருந்தது. முன்பக்கம் இரண்டு எலும்புகளும் சந்திக்கும் குருத்தெலும்பு ஒட்டு விட்டு விலகியிருந்தது. அவள் இப்போது வாத்துபோல் இருபக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

பிள்ளை திருட்டு நடந்த காலத்தில் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சிசுப்பிரிவுக் கதவு ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடும், ஒருவருக்காக இன்னொருவர் திறக்கக் கூடாது. சக்கர நாற்காலிக்கு வேறு வாசல். அந்த வாசலுக்கு ஊனச் சான்று வேண்டும். சான்று தரும் அறையின் கதவுக்கு நடைச்சாவி வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு நல்ல நாற்காலி கிடைத்திருக்க வேண்டும்.

"இப்படி வாங்க" என்று யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள்.

சிசுப்பிரிவின் மூத்த செவிலி ருக்மணி. நாற்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், அண்ணன் வீட்டில் இருப்பவள். அந்தப் பிரிவில் அவளுடைய கை படாமல் தேறிப்போன குழந்தை இல்லை என்பார்கள். அவள் சுடர்க்கொடியைத் துணி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்த பட்டை ஒன்றை எடுத்தாள்.

"மூச்சை உள்ள இழுங்க. வயித்துல இல்ல, கீழ. தொடை எலும்பு புடைச்சிட்டு நிக்கிற இடத்துல."

"இது என்னன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். நான் பிசியோதெரபி காலேஜ்ல உடற்கூறு எடுக்கிறேன். இவ்வளவு இறுக்கக் கூடாது. கட்டு நல்லதுதான், தாங்குற அளவுக்கு."

"இது தாங்குறதுக்குக் கட்டுறதில்ல டீச்சர், மறைக்கிறதுக்குக் கட்டுறது. பல்லைக் கடிச்சுக்கங்க. தினம் ஒரு நூல் அளவு தளர்த்திக்கிட்டே வாங்க. நாப்பது நாள்ல தளத்துக்கே தெரியாமப் பழகிடும்."

கால் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கிக் கட்டி, சாயாமல் ஆறு எட்டு நடக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் அடிவயிற்றுக்குள் யாரோ ஆப்பு இறக்குவது போலிருந்தது. பலகையில் "வருக, சுடர்க்கொடி" என்று எழுத்து ஓடியது. உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து, அந்தச் சின்ன உடம்பை மார்பின் மேல் வாங்கிக்கொண்டபோது அவள் அழுதாள். பாதி வலியில், பாதி கோபத்தில்.

நாலு நாளில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிரிவில் இருபத்து மூன்று தாய்மார். இருபத்து மூன்று மெத்தைக்கடியிலும் ஒரு துணிப்பட்டை. முந்தி வந்தவள் வீட்டுக்குப் போகும்போது பிந்தி வந்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். எல்லா ஊரிலும் இப்படித்தானாம். பிள்ளை பெற்றவள் வயிற்றுக்குத் துணி கட்டுவது இங்கே வழக்கம் என்பதால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதும் இல்லை. துணி வயிற்றிலிருந்து நாலு விரல் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

எட்டு வருடமாக, பிரசவமான மூன்றாம் நாள், விலகிய எலும்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் நடந்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. இதை நினைக்க நினைக்க சுடர்க்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆணையத்தில் முறையீட்டு நேரம். கணவனைக் கல்லூரிக்கு அனுப்பி இரண்டு இடுப்புக்கூடுகளை வாங்கிவரச் செய்தாள். பிளாஸ்டிக் அல்ல, நிஜ எலும்பு. பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துணிப்பையில் கூடுகளைப் போட்டுக்கொண்டு போனாள்.

இணை இயக்குநர் பரந்தாமன் நல்ல மனிதர். நடைச்சாவியை வடிவமைத்தவர்களில் ஒருவர். எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியில் தலையணை போடச் சொன்னார். கத்துவதற்கு வசதியில்லாத ஆள்.

சுடர்க்கொடி இரண்டு கூடுகளையும் மேசைமேல் வைத்தாள். அவர் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"இது ஆண், இது பெண். முன்னாடி கீழ இருக்கிற இந்த வளைவைப் பாருங்க சார். ஆணுக்கு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரிச்சா எவ்வளவோ, அவ்வளவு. பெண்ணுக்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரிச்ச அளவு. ஒரு தலை வெளிய வரணும்ல, அதுக்கு. அதுவும் பத்தாதுன்னு மாசம் ஏற ஏற உடம்பு ஒரு சுரப்பை விட்டு இந்தத் தசைநார் எல்லாத்தையும் இளக்குது. பிரசவத்துல முன்னாடி இந்த ஒட்டும் பின்னாடி இந்த ரெண்டு மூட்டும் விட்டுக் குடுக்கும். சில பேருக்கு ரொம்பவே விலகிடும். நடை எப்படி சார் மாறாம இருக்கும்?"

"ரொம்ப அழகா சொல்றீங்கம்மா. ஆனா நாங்க சோதிச்சுப் பாக்காம எதுவும் செய்யல."

"முதல் அளவெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"காவலர் தேர்வு மைதானத்துல. பதினெட்டாயிரம் பேர்."

"அதுல பொம்பளைங்க?"

அவர் கோப்பின் தாள்களைப் புரட்டினார். "அது முதல் கட்டம். அப்புறம் தாய்மாரையும் எடுத்தோம்மா, விட்ருவோமா? தடுப்பூசி முகாமுக்கு வந்தவங்க நாலாயிரம் பேரை நடக்க வெச்சோம். ஒரு மாற்றமும் இல்ல."

"அவங்க எல்லாரும் துணி கட்டியிருந்தாங்களே. யாராவது கேட்டீங்களா?"

பரந்தாமனின் காது சிவந்தது. "பிள்ளை பெத்த பொம்பளைங்ககிட்டப் போய், உள்ள என்ன கட்டியிருக்கீங்கன்னு எப்படிம்மா கேக்குறது. நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல."

நாகரிகம். நாலாயிரம் பெண்களின் இடுப்பெலும்பை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது நாகரிகம். அதன்மேல் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்பது மட்டும் அநாகரிகம். ஊரெல்லாம் தாய்மையைக் கும்பிடுவார்கள், தாய்க்கு வலிக்கிறதா என்று கேட்க மட்டும் கூச்சப்படுவார்கள்.

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "எட்டு வருஷத்துல பதினோரு லட்சம் பிரசவம். நடை மாறினதா தளம் சொன்னது எத்தனை தெரியுமா, இருநூத்துப் பத்து. அதுவும் கால் முறிஞ்ச கேஸ். கோவிச்சுக்காதீங்க, நீங்களே இப்ப நாலு கதவைத் தாண்டித்தானே உள்ள வந்தீங்க?"

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து வந்ததே அவளுக்கு எதிரான சாட்சி. உள்ளே வந்துவிட்டால் குறையே இல்லை என்றாகிறது. வர முடியாவிட்டால் குறை சொல்ல வழியில்லை.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கங்க சார்."

அவர் சட்டென்று திரும்பிக்கொண்டார். சுடர்க்கொடி புடவைக்குள் கைவிட்டு முடிச்சை அவிழ்த்து, பட்டையை உருவி, இரண்டு இடுப்புக்கூடுகளுக்கும் நடுவில் வைத்தாள். பிறகு அவருடைய அறையின் குறுக்கே நடந்தாள். இருபக்கமும் சாய்ந்து, பிடிக்கச் சுவர் இல்லாமல், ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது எட்டில் "அடையாளம் தெரியாத நபர்" என்று அறை அலறியது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. காவலர் இருவர் ஓடிவந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள்.

பரந்தாமன் பட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அதிகாரி அதிகாரிதான்.

"ஒரு கேஸை வெச்சுத் தளத்தை மாத்த முடியாதும்மா. புள்ளிவிவரத்துல அது பிழையாத்தான் நிக்கும்."

"எத்தனை கேஸ் வேணும் உங்களுக்கு?"

"கவனிக்கத்தக்க அளவு" என்றார் அவர், மெதுவாக.

வெளியே போவதற்கும் அவள் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று மதியமே பிரிவில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்து பேசினாள். வியாழன் காலை பத்து மணிக்கு எல்லோரும் கட்டை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்துவிட்டு நடக்க வேண்டும். கதவு திறக்காது. திறக்காமல் போகட்டும், ஒரு நாள் பாலைச் செவிலிகள் கொண்டுபோகட்டும். பயந்தார்கள். யோசித்தார்கள். பூ வியாபாரம் செய்யும் ஜெயக்கொடி, இரட்டைக் குழந்தைக்காரி, "நடக்கும்போது உள்ள எலும்பு உரசுற சத்தம் எனக்கே கேக்குது. நான் அவுத்துடுறேன்க்கா" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள்.

ருக்மணி மட்டும் துணி அறையில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர்."

"எட்டு வருஷமா பொய்யா நடந்தது போதாதா சிஸ்டர்?"

"நாப்பது நாளு. அதோட யாருக்கும் தெரியாமப் போயிடுது. போயிடட்டும். எல்லாத்தையும் அந்தத் தளத்துக்குச் சொல்லிக்குடுக்கணுமா?"

"இப்படி எல்லாத்தையும் மூடி மூடி வெச்சதாலதான் இந்த நிலைமை. உங்களுக்கென்ன சிஸ்டர், நீங்க பெத்திருந்தா இந்த வலி தெரிஞ்சிருக்கும்."

சொன்ன பிறகு சுடர்க்கொடிக்கே கொஞ்சம் உறைத்தது. ஆனால் கோபத்தில் இருப்பவர்களுக்கு உறைத்தது நெடுநேரம் நிற்பதில்லை. ருக்மணி போர்வைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை இருபத்து மூன்று பெண்களும் அவிழ்த்தார்கள். "நீங்கள் ஜெயக்கொடி அல்ல." "நீங்கள் நஸ்ரீன் அல்ல." "நீங்கள் தேவகிருபை அல்ல." பலகை ஓயாமல் மறுத்துக்கொண்டே இருந்தது. யாரோ அதைப் படம் பிடித்து வெளியே அனுப்பினார்கள். மறுநாள் பக்கத்து மாவட்டத்தில் அவிழ்த்தார்கள். ஒன்பது நாளில் மாநிலம் முழுவதும் பெண்கள் வீட்டு வாசலிலும் அலுவலக வாசலிலும் பேருந்துப் படியிலும் அடையாளம் தெரியாத நபர்களாக நின்றார்கள். பழைய தாய்மார்கூட, தாங்களும் கட்டிக்கொண்டுதான் நடந்தோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் அமைச்சர் கண்கலங்கினார்.

ஆணையம் அவளையே கூப்பிட்டு ஆலோசனை கேட்டது. ஓர் உடற்கூறு ஆசிரியையிடம் அது எதையாவது கேட்பது அதுதான் முதல் தடவை. பூரித்துப்போனாள், அதில் தப்பில்லை. முன்னூறு தாய்மாரை வரவழைத்து, கட்டுடனும் கட்டில்லாமலும் உணர்தளத்தில் நடக்கவைத்தாள். முன் ஒட்டு எப்படி அசைகிறது, பின் மூட்டு எங்கே வழுக்குகிறது, ஆறிய பிறகும் மாறாமல் நிற்பது எது என்று பரந்தாமனின் ஆட்களுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை பெற்ற இடுப்பை எத்தனை வருடம் கழித்தும் தளம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், இனி ஒரு தாயும் வாசலில் நிற்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள்.

அதற்குத் தாய்நடை என்று பெயர் வைத்தார்கள். அமைச்சர் தம் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். இத்தனை நாள் அவமானப்படுத்தியதற்குப் பரிகாரமாக, மாநிலத்தின் எல்லாப் பலகைகளிலும் தாய்மாரின் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி வரட்டும். எல்லோரும் கைதட்டினார்கள். சுடர்க்கொடியும் தட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை விடிந்ததும் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணிக்கு அவள் கட்டில்லாமல், இன்னும் லேசாகச் சாய்ந்தபடி, கதவை நோக்கி நடந்தாள்.

"வருக, தாய் சுடர்க்கொடி."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், இரண்டு பேர் அழுதார்கள். "வருக, தாய் ஜெயக்கொடி." "வருக, தாய் நஸ்ரீன்." ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆரவாரம்.

வேலை மாறும் நேரம். ருக்மணி வந்தாள். கையில் ஊருக்குப் போகிற மாதிரி பெரிய பை ஒன்று. தளத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு எப்போதும் போல நடந்தாள்.

"வருக, தாய் ருக்மணி."

யாரோ சிரித்தார்கள். "மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. சிஸ்டருக்குக் கல்யாணமே ஆகலியே." அந்தச் சிரிப்பு தானாகவே நின்றது. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். இத்தனை நாள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்த கையைப் பார்த்தார்கள். பார்த்த விதம் வேறாக இருந்தது.

சுடர்க்கொடி தாழ்வாரத்துக்கு ஓடினாள். ஓட முடியாமல் ஓடினாள். பரந்தாமனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அந்தப் பட்டத்தை உடனே எடுங்க சார். எல்லாப் பலகையிலயும்."

"எடுக்கவா? மக்கள் கொண்டாடுறாங்கம்மா."

"கல்யாணமாகாதவங்க இருப்பாங்க. பெத்ததை வெளிய சொல்ல முடியாதவங்க இருப்பாங்க. அதை நீங்க யோசிக்கவே இல்லியா?"

"நீங்களும் யோசிக்கலியே மேடம்" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே வருந்தித்தான் சொன்னார். "பட்டத்தை வேணா எடுக்க எழுதிப் போடுறேன். ஆனா தளம் கத்துக்கிட்டதை மறக்கடிக்க முடியாது. கட்டியிருந்தாலும் கண்டுபிடிக்கும், அதையும் நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. காலைலேர்ந்து கல்யாணத் தகவல் மையத்துக்காரங்க பத்து பேர் கூப்பிட்டாச்சு, பொண்ணு பாக்குற வீட்டுல போடச் சின்னதா ஒரு தளம் கிடைக்குமான்னு."

அவள் திரும்பி வந்தபோது ருக்மணி பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டு, எப்போதும் போல நிதானமாக.

"சிஸ்டர், ஏதோ தப்பாக் காட்டுது. நான் பேசிட்டேன்..."

"தப்பாக் காட்டல டீச்சர்." குழாயை மூடினாள். "காலைல ஆறு மணிக்கே வீட்டு வாசல்ல காட்டிடுச்சு. பால் வாங்கப் போயிட்டு வந்தேன். அண்ணன் வாசல்லயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. பேரைப் படிச்சாரு. அண்ணி வந்து படிச்சாங்க. பொண்ணுக்கு வரன் வந்துட்டிருக்கிற வீடு, இனிமே இங்க இருக்க வேணாம்னுட்டாங்க."

"எப்ப..."

"பதினெட்டு வயசுல. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஆணா பொண்ணான்னுகூட என்கிட்டச் சொல்லல. தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கண்ணாடிக்கு வெளியே பலகை அடுத்த தாயை வரவேற்றது. இந்த முறை யாரும் ஆரவாரம் செய்யவில்லை.

"அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றாள் சுடர்க்கொடி.

"வேணாம்னு சொன்னேனே." ருக்மணி துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். "ஏன்னு நீங்க கேக்கல."

பிறகு வெப்பப்பெட்டியைத் திறந்து, குழந்தையின் கழுத்துக்கும் இடுப்புக்கும் கைகொடுத்துத் தூக்கி, தராசில் கிடத்தினாள். எண் நிலைக்கும் வரை காத்திருந்து அட்டையில் எழுதினாள். குழந்தையைச் சுற்றிப் பொதிந்து தாயின் கையில் கொடுத்தாள்.

"தேறிட்டா டீச்சர். நாளைக்கு நீங்க வீட்டுக்குப் போகலாம்."